இஜ்ஜா வீட்டு முறை

ஐன் தர்கா
14 அக்டோபர் 2008

அண்ணா,

கடிதத்தை சலாம் சொல்லித்தான் தொடங்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவன் நீ. அதனால் சலாம். அதற்கு மேல் மரியாதை எதிர்பார்க்காதே.

நேற்று நீதிமன்ற வாசலில் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் லாரியில் ஏறிப் போய்விட்டாய். போன் செய்யலாம் என்றால் உங்கள் அய்த் இம்லூலில் கணவாய்க்கு ஏறினால்தான் சிக்னல். நீ ஏறமாட்டாய். எனக்கும் பேசப் பிடிக்கவில்லை. பேசினால் அழுதுவிடுவேன், அழுதால் திட்ட முடியாது. எனக்குத் திட்ட வேண்டும்.

நேற்று நீ என்ன செய்தாய் என்பதை எழுதிக் காட்டுகிறேன், படித்துப் பார். இஜ்ஜா என்று ஒரு பெண். மலையில் எல்லோரும் கட்டுவது போல அவளும் கட்டிக்கொண்டாள். காகிதம் கிடையாது, பதிவு கிடையாது. பள்ளிவாசல் இமாம் ஃபாத்திஹா ஓதினார், ஊர் கூடிச் சாப்பிட்டது, அவ்வளவுதான் கல்யாணம். ஊர் ஃபகீஹ் என்று கூப்பிடுகிற அந்த இமாம் நீ. புருஷன் ஹத்தூ போன வருஷம் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து செத்தான். பிணம் ஊருக்கு வந்த மறுமாசமே அவன் அண்ணன் பாஸ்ஸூ, "அவ என் தம்பி பொண்டாட்டியே இல்ல"ன்னு ஆரம்பித்துவிட்டான். அவர்கள் மகள் தூதாவுக்குப் பதினொரு வயது. ஹத்தூவின் மகள் என்று ஒரு காகிதம் சொன்னால் அவளுக்கு வீடு உண்டு, பள்ளி உண்டு. சொல்லாவிட்டால் காஸாபிளாங்காவில் யாரோ ஒருத்தி வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போவாள்.

இதற்காகத்தான் நான் உன்னை முதல் சாட்சியாக நிறுத்தினேன். பெருமையோடு நிறுத்தினேன். ஊரே மதிக்கிற ஆள், வக்கீலின் அண்ணன், பொய் பேசாதவன் என்று. நீதிபதி என்ன கேட்டார்? வலது கையைத் தூக்கி, உண்மையைச் சொல்வதாக சத்தியம் செய்யச் சொன்னார். நீ என்ன சொன்னாய்?

"எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். சத்தியமெல்லாம் பண்ண மாட்டேன்."

அவர் பொறுமையாகத் திருப்பிக் கேட்டார். நீ தாடியைத் தடவிக்கொண்டு நின்றாய். "சத்தியம் இல்லேன்னா சாட்சி இல்ல, அடுத்த ஆள்" என்றார். அடுத்து வந்தவர் ஆடு மேய்க்கிற உ ஸாயித். "ஃபகீஹே பண்ணலை, நான் எப்படிங்க பண்ணுவேன்?" அவருக்கு அடுத்தவரும் அதே பல்லவி. கல்யாணத்தில் வயிறு முட்டச் சாப்பிட்டவர்கள் எல்லோரும் உன் பின்னால் வரிசையாக ஊமையாகிவிட்டார்கள். அப்புறம் பாஸ்ஸூ எழுந்து, யாரும் கேட்காமலே, இரண்டு கையையும் தூக்கி, "வல்லாஹி, அந்தப் பொம்பளை என் தம்பி வீட்டுக்கு வேலைக்கு வந்தவ"ன்னு சத்தியம் செய்தான். அவனுக்கு நாக்கு கூசவில்லை. உனக்குத்தான் கூசியது.

வழக்கு தள்ளுபடி. பதிவில்லாத கல்யாணங்களை நிரூபிக்கச் சட்டம் கொடுத்திருக்கும் கெடு பிப்ரவரியோடு முடிகிறது. அதற்குள் நான் மறுபடி போட வேண்டும், மறுபடி சாட்சி தேட வேண்டும்.

இஜ்ஜா வெளியே வந்து என்னைத் திட்டவில்லை. தூதாவின் தலைத்துணியைச் சரியாகக் கட்டிவிட்டாள், நடந்து போய்விட்டாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

விதாத்

*

அய்த் இம்லூல்
22 அக்டோபர் 2008

வக்கீலம்மாவுக்கு,

சலாம். புதன்கிழமை சந்தை லாரியில் உன் கடிதம் வந்தது. டிரைவர் என் கையில் கொடுக்கும்போதே, "தங்கச்சி ரொம்ப அழுத்தி எழுதியிருக்கு போல, உறை கிழிஞ்சிருக்கு" என்றான். ஊருக்கே தெரியும்படி கோபப்பட நீ நன்றாகக் கற்றிருக்கிறாய்.

அந்தக் கோர்ட்டில் என்னைப் பற்றி நினைத்தவர்கள் நினைக்கட்டும். நீ நினைக்கலாமா? இந்த மலையில் யார் சத்தியம் செய்கிறான், சொல். கழுதை விற்கிறவன் செய்வான். சத்தியம் முடிவதற்குள் கழுதை நொண்டும். ஒருவன் வாயைத் திறந்ததும் "வல்லாஹி" என்றால் இங்கே கேட்கிறவன் சிரித்துக்கொண்டே எழுந்து போய்விடுவான். நேர்மையானவன் சொல்வான், அவ்வளவுதான். வாய்க்கால் சண்டை, எல்லைச் சண்டை என்று இருபது வருஷமாக இந்த ஊர் என் வாயைப் பார்க்கிறது. "ஃபகீஹ் சொல்லிட்டார்" என்றால் முடிந்தது. ஒருமுறை நான் கையைத் தூக்கினால், அடுத்த முறை வெறும் சொல்லை யார் நம்புவார்கள்? அல்லாஹ்வின் பேரை இந்த உலகத்துச் சொத்துக்கு முன்னால் இழுக்காதே என்றுதான் எனக்குக் கற்பித்தார்கள். பலகையில் உனக்கு அலிஃப் போடக் கற்றுக்கொடுத்தபோது உனக்கும் அதைத்தான் சொன்னேன். நீ எழுத்தை மட்டும் எடுத்துக்கொண்டாய்.

தெரிந்ததைச் சொல்கிறேன் என்றேனே. உன் நீதிபதி ஏன் கேட்கவில்லை? கையைத் தூக்கினால்தான் காது திறக்கும் என்றால் அந்தக் காது எனக்கு வேண்டாம்.

இன்னொன்றும் நீ நினைப்பாய், எழுதவில்லை என்றாலும் தெரியும். பாஸ்ஸூ ஊர்த் தலைவன். ஒவ்வொரு அறுவடைக்கும் பிறகு என்னை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று பேசுகிற கூட்டத்தில் அவன்தான் முதலில் வாயைத் திறப்பான். எனக்குச் சமையல் கிடையாது, அடுப்பு கிடையாது. மேல்கோடி வீட்டில் தொடங்கிக் கீழ்கோடி வரை, நாளுக்கு ஒரு வீட்டு முறையாக எனக்குச் சாப்பாடு வருகிறது. பாஸ்ஸூ வீட்டு முறையன்று இறைச்சி வரும். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். நினைக்கிறேன். ஆனால் அதற்காக நான் வாயை மூடவில்லை. அப்படி நீ நினைத்தால் அது உன் மனசின் அழுக்கு.

அவன் கெட்டவனும் இல்லை. கோபக்காரன். கொஞ்ச நாளில் ஆறிவிடுவான். நானே பக்குவமாகப் பேசிப் பார்க்கிறேன். கோர்ட்டு வேண்டாம்.

ஜெலூல்

*

ஐன் தர்கா
6 நவம்பர் 2008

அண்ணா,

நீ பக்குவமாகப் பேசிய லட்சணம் இங்கே வந்து சேர்ந்தது. நேற்று இஜ்ஜா வந்திருந்தாள். சந்தை லாரியில், பின்னால், ஆடுகளோடு.

என் அலுவலகத்தை நீ பார்த்ததில்லை. நீதிமன்றத்துக்குப் பின்னால், முன்பு ஜெராக்ஸ் மிஷின் இருந்த அறை. கதவில் "இலவச சட்ட உதவி" என்று எழுதி வைத்திருக்கிறேன். நேற்று அந்தப் பலகையைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்தது. வக்கீல் மட்டும்தான் இலவசம். லாரிக்குக் கொடுக்க வேண்டும், ஒரு நாள் வேலை போகும், குழந்தையை யாரிடமாவது விட வேண்டும், கோர்ட்டில் பேசுகிற அரபி பாதி புரியாது, வாசல் காவலாளி "எங்கம்மா போறே"ன்னு அதட்டுவான். மலையில் இருந்து என் கதவு வரைக்கும் அவ்வளவு விலை இருக்கிறது. இதற்குப் பேர் இலவசம்!

இஜ்ஜா உட்கார்ந்ததும் நான் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"உங்கண்ணன் மேல எனக்குக் கோவம் இல்லன்னு சொல்ல மாட்டேன். கோவம்தான். ஹத்தூ இருந்த வரைக்கும் எங்க வீட்டு முறைன்னு ஒண்ணு இருந்துச்சு. என் கையாலதான் ரொட்டி தட்டி, மோர் ஊத்தி பள்ளிவாசலுக்கு அனுப்புவேன். உப்புக் கூடிப்போச்சு, உப்புக் கம்மின்னு ஆள் மேல ஆள் சொல்லி அனுப்புவார் ஃபகீஹ். அவ்வளவு சொந்தம்! ஹத்தூ போன மறுமாசம், பாஸ்ஸூ அந்த முறையையே எடுத்துட்டான். 'அது தனி வீடு இல்ல, எங்க வீட்டுல ஒரு மூலை'ன்னான். என் அடுப்பு அடுப்பே இல்லையாம். அன்னிக்கு ஃபகீஹ் ஒரு வார்த்தை கேட்டாரா, ஏன் இஜ்ஜா வீட்டுல இருந்து வரலைன்னு? கேக்கலை. அடுத்த வீட்டுல இருந்து வந்துச்சு, சாப்பிட்டார்."

கேட்டாயா அண்ணா? உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று எழுதினாயே. உனக்கு உப்பிட்டவர்களில் இவள் இல்லையா? இல்லை, இறைச்சி போட்டவன் உப்புதான் உப்பா?

பள்ளி தலைமையாசிரியர் நல்ல மனுஷர். இத்தனை வருஷம் தூதாவைக் காகிதம் இல்லாமலே உட்கார வைத்திருந்தார். ஆறாம் வகுப்புப் பரீட்சைக்குப் பிறப்புச் சான்று இல்லாமல் பேரே அனுப்ப முடியாது என்று சொல்லிவிட்டார். சான்று வேண்டுமென்றால் அப்பா பெயர் வேண்டும். அப்பா பெயர் வேண்டுமென்றால் கல்யாணம் நடந்தது என்று யாராவது சொல்ல வேண்டும். சொல்ல வேண்டியவர் தாடியைத் தடவிக்கொண்டு நிற்கிறார். இதற்கு நடுவில் பாஸ்ஸூ காஸாபிளாங்காவில் ஒரு வீட்டுக்காரியிடம் பேசி வைத்திருக்கிறானாம். "அனாதைப் பொண்ணு, நல்லா வேலை செய்யும்"னு.

அனாதையாம். உயிரோடு இருக்கிற அம்மா பக்கத்தில் நிற்கும்போது.

மறுபடி வழக்குப் போட்டுவிட்டேன். இந்த முறை நீதிமன்றமே மேலே வந்து விசாரிக்கட்டும், பக்கத்து மாகாணங்களில் அப்படி நடக்கிறது என்று தலைமை நீதிபதியிடம் கேட்டேன். பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "நீதிமன்றம் மலையேறாதும்மா. மலைதான் இறங்கி வரணும்."

உன் பதிலும் அவர் பதிலும் ஒரே மாதிரி இருக்கிறது. இரண்டு பேரும் இருந்த இடத்தைவிட்டு நகரமாட்டீர்கள். நடுவில் ஒருத்தி லாரியில் ஆட்டோடு போய் வந்துகொண்டிருக்க வேண்டும்.

உன் நேர்மை உனக்குச் சுத்தமாக இருக்கிறது. அதைக் கழுவுகிற தண்ணீர் தூதாவுடையது.

விதாத்

*

அய்த் இம்லூல்
19 நவம்பர் 2008

விதாத்,

இனி எனக்கு எழுதாதே. அப்பா இறந்தபோது உனக்கு என்ன வயசு, உன்னை யார் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்தில் விட்டது என்பதெல்லாம் உனக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்கவில்லை. ஆனால் அதைச் சொல்லிக்காட்டுகிற ஆள் நான் இல்லை.

நான் அடுத்தவன் வீட்டு ரொட்டியில் வாழ்கிறவன்தான். அதை நீ சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை.

ஜெலூல்

பின்குறிப்பு: திங்கள்கிழமை பாஸ்ஸூவின் வேன் இஜ்ஜா வீட்டு வாசலில் நின்றது. உள்ளே கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு நகரத்துப் பெண்பிள்ளை. இஜ்ஜா கையில் அரிவாளோடு வாசல்படியில் நின்றாள். தூதாவைக் காணவில்லை, உள்ளே இருந்திருப்பாள். எல்லோரும் வீட்டுக்குள் இருந்தார்கள், தெரு காலி. நான் பள்ளிவாசல் மாடியில் இருந்து பார்த்தேன். அஸர் தொழுகைக்கு இன்னும் நேரம் இருந்தது. பாங்கு சொன்னேன். ஆண்கள் எல்லோரும் வெளியே வந்தார்கள். வேன் போய்விட்டது.

இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

*

ஐன் தர்கா
8 ஜனவரி 2009

அண்ணா,

எழுதாதே என்றாய். எழுத வேண்டிய அவசியம் வந்துவிட்டது. சுருக்கமாக முடிக்கிறேன்.

மலைதான் இறங்கி வரணும் என்று சொன்னார் இல்லையா? இறங்கி வந்தது. உங்கள் ஊர், மேலூர், கணவாய்க்கு அந்தப் பக்கத்து ஊர்கள் எல்லாவற்றிலும் இருந்து, காகிதம் இல்லாத மனைவிமார் எல்லோரையும் ஒரே நாள் வரச் சொன்னேன். கைக்குழந்தைகளோடு, கம்பளியோடு, ரொட்டி மூட்டையோடு வந்தார்கள். நீதிமன்றத்துத் தாழ்வாரம் முழுக்க உட்கார்ந்துவிட்டார்கள். கத்தவில்லை, கோஷம் போடவில்லை. ரொட்டியைப் பிய்த்துச் சாப்பிட்டார்கள், குழந்தைகளுக்குப் பால் கொடுத்தார்கள். பெரிய வக்கீல்கள் எல்லாம் கால் வைக்க இடமில்லாமல் தாண்டித் தாண்டிப் போனார்கள். காவலாளி "எழுந்திருங்கம்மா" என்றான். இஜ்ஜா அண்ணாந்துகூடப் பார்க்காமல் சொன்னாள்:

"மலைதானேப்பா இறங்கி வரணும்? வந்துட்டோம். கொஞ்ச நாள் இங்கதான் இருக்கும் மலை."

மறுநாளும் இருந்தார்கள். மூன்றாம் நாள் தலைமை நீதிபதி கையெழுத்துப் போட்டார். இந்த மாதம் 21ஆம் தேதி, பனி வழிவிட்டால், நீதிபதியும் எழுத்தரும் அய்த் இம்லூல் பள்ளிக்கூடத்துக்கு வந்து உட்கார்ந்து விசாரிப்பார்கள். இஜ்ஜா வழக்குதான் முதல்.

உனக்குச் சொல்ல வந்தது இதுதான். சாட்சிகளில் உன் பெயர் இல்லை. நீ வராதே. நீ ஒரு மூலையில் நின்றால்கூட மற்றவர்கள் உன் முகத்தைப் பார்ப்பார்கள். உன் முகத்தைப் பார்த்தால் அவர்கள் கை எழும்பாது. அன்றைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு பள்ளிவாசலிலேயே இரு.

பாங்கை நேரத்துக்கு முன்னால் சொன்னதற்கு உன்னைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அப்புறம் யோசித்தேன். ஊரையே வெளியே வரவைக்கத் தெரிந்த வாய் அது. உன்னால் அந்த ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லையே என்று இன்னும் கோபம்தான் வந்தது.

விதாத்

*

அய்த் இம்லூல்
14 ஜனவரி 2009

விதாத்,

வரமாட்டேன். நீ சொல்லித்தான் நான் வரக்கூடாது என்றில்லை, எனக்கே வர உத்தேசமில்லை.

கணவாயில் பனி முழங்கால் அளவு. ஜீப்புக்குச் சங்கிலி போட்டு வரச் சொல். உன் நீதிபதிக்குக் கம்பளி போதாது என்றால் பள்ளிவாசலில் இரண்டு இருக்கிறது.

உன் கோர்ட்டில் செய்யச் சொல்கிறார்களே, அந்தச் சத்தியத்தின் வாசகம் என்ன? ஒரு எழுத்து விடாமல் எழுதி அனுப்பு. சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

ஜெலூல்

*

ஐன் தர்கா
26 ஜனவரி 2009

அண்ணா,

வாசகத்தை எழுதி அனுப்ப எனக்கு நேரமும் கிடைக்கவில்லை, மனசும் வரவில்லை. அது உனக்குத் தேவைப்படவும் இல்லை.

பனி மறுபடி பிடிப்பதற்குள் இறங்க வேண்டும் என்று டிரைவர் அவசரப்படுத்தினான். உன்னோடு ஒரு வார்த்தை பேசாமல் வந்துவிட்டேன். அக்டோபரில் நீ செய்ததை நான் செய்துவிட்டேன் என்று பாதி வழியில்தான் உறைத்தது. ஆனால் பழிக்குப் பழி இல்லை அது.

அன்று என் பக்கத்தில் இருந்து பார்த்ததை உனக்குச் சொல்ல வேண்டும். நீ பார்த்திருக்க முடியாது, நீ என்னைப் பார்க்கவே இல்லை. ஆடு மேய்க்கிற உ ஸாயிதை முதலில் கூப்பிட்டார்கள். நீ அங்கே இல்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அந்த மனுஷர் பள்ளிக்கூடத்து ஜன்னல் வழியாகப் பள்ளிவாசலைப் பார்த்தார்! கையை முட்டிவரைக்கும் தூக்கினார், இறக்கினார். "ஃபகீஹ் என்ன சொல்றார்னு..." என்று இழுத்தார். உன்னை வராதே என்று சொன்ன என் புத்தியைச் செருப்பால் அடித்துக்கொண்டேன். நீ இருந்தாலும் ஊமை, இல்லாவிட்டாலும் ஊமை. பாஸ்ஸூ சின்ன நாற்காலியில், பிள்ளைகள் உட்கார்கிற நாற்காலியில், முழங்காலை மடக்கி உட்கார்ந்து சிரித்தான்.

அப்போதுதான் நீ கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாய். செருப்பு முழுக்கப் பனி.

பாஸ்ஸூவின் வக்கீல் குதித்தார். "இவர் எதிர்த்தரப்பு வக்கீலோட அண்ணன், சாட்சிப் பட்டியல்லயும் இல்ல!" நீதிபதி மூக்கைச் சிந்திக்கொண்டே, "அந்தக் கல்யாணத்துக்கு ஃபாத்திஹா ஓதினவரையே கேக்கலைன்னா வேற யாரைக் கேக்கறது? உக்காருங்க" என்றார். பாஸ்ஸூ எழுந்திருக்காமலே கேட்டான்:

"ஃபகீஹ், இன்னிக்கு ராத்திரி யார் வீட்டுச் சாப்பாடு?"

அறையில் இருந்தவர்களுக்கு எல்லாம் அது புரிந்தது. நீதிபதிக்கு மட்டும்தான் புரியவில்லை.

நீ அவனைத் திரும்பிப் பார்த்தாய். "உங்க வீட்டு முறைதான் பாஸ்ஸூ" என்றாய். அப்புறம் வலது கையைத் தூக்கினாய். சத்தியம் செய்துவிட்டு, ஹத்தூ கல்யாணத்தில் ஓதினேன், பொண்ணோட சம்மதத்தை அவ வாயால கேட்டேன், மூணு நாள் சாப்பிட்டேன் என்று சொன்னாய். அதோடு நிறுத்தவில்லை. ஊர்க்காரர்கள் பக்கம் திரும்பி ஒரு கத்துக் கத்தினாய்:

"நான் பண்ணிட்டேன்ல? இனி என்ன பாக்கறீங்க என் மூஞ்சியை? எல்லாரும் சாப்பிட்ட வாய்தானே? தூக்குங்கடா கையை!"

அப்புறம் எத்தனை கைகள்! எழுத்தருக்கு எழுதி மாளவில்லை. சாயங்காலத்துக்குள் தீர்ப்பைப் படித்துவிட்டார்கள். இஜ்ஜா, காலமான ஹத்தூவின் மனைவி. தூதா, ஹத்தூவின் மகள்.

தூதா அழவில்லை. தன் பெயரை ஒருதரம் காட்டச் சொன்னாள், எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்த்தாள்.

நான் உன்மேல் சந்தோஷமாக இருக்கிறேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் கோபம் போகமாட்டேன் என்கிறது. கையைத் தூக்கி இறக்க எவ்வளவு நேரம் ஆயிற்று? அக்டோபரிலேயே முடிந்திருக்க வேண்டியது. இதற்குள் அரிவாளோடு வாசலில் நிற்க வைத்தோம் ஒருத்தியை. நீ மட்டும் இல்லை. நீ, நான், மூடிய பேனா, எல்லோரும் சேர்ந்துதான்.

பாஸ்ஸூ கேட்டானே, அன்று ராத்திரி சாப்பாடு வந்ததா?

விதாத்

*

அய்த் இம்லூல்
4 பிப்ரவரி 2009

தங்கச்சி,

வரவில்லை.

மறுநாள் அவன் சித்தப்பா வீட்டு முறை. அதுவும் வரவில்லை. அதற்கு மறுநாள் மாவு மில்காரன் வீடு. அவன் கையைத் தூக்கினவன்தான், ஆனால் மில்லு பாஸ்ஸூவின் நிலத்தில் இருக்கிறது. என்னைக் கண்டதும் சந்தில் திரும்பிவிட்டான். நோன்பு வைத்தவன் மாதிரி பேரீச்சம்பழத்தைத் தின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். ரமலானுக்கு இன்னும் எத்தனையோ மாசம் இருக்கிறது. பசித்துத்தான் போயிருந்தேன், அதை மறைத்து என்ன பிரயோஜனம்.

வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு கூட்டம் போட்டார்கள். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்தவன் என்றான் பாஸ்ஸூ. "வேற பள்ளிவாசல் பாத்துக்க ஃபகீஹ். பனி உருகினதும் கிளம்பு." யாரும் மறுத்துப் பேசவில்லை. இருபது வருஷம் இவர்கள் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்திருக்கிறேன், இவர்கள் பிணங்களைக் கழுவியிருக்கிறேன். ஒருத்தன் வாயைத் திறக்கவில்லை. அப்போது எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, விதாத், உன் கடிதங்கள் எல்லாம் அதன் முன்னால் ஒன்றுமில்லை. அப்புறம்தான் உறைத்தது. ஐன் தர்காவில் அன்று இஜ்ஜா என் முகத்தைப் பார்த்து நின்றபோது அவளுக்கு இதுதான் இருந்திருக்கும்.

நீ மனசின் அழுக்கு என்று என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாய். அழுக்கு என்னுடையது. சத்தியத்துக்கு அஞ்சினேன் என்பது உண்மைதான். இறைச்சிக்கும் அஞ்சினேன்.

இதைப் படித்துவிட்டு என்னை அங்கே வந்துவிடு என்று கூப்பிடாதே. பனி உருகும்வரைக்கும் எனக்கு வேலை இருக்கிறது. இந்த ஊரிலும் மேலூரிலும் நான் ஃபாத்திஹா ஓதிக் கட்டிவைத்த பெண்கள் எத்தனையோ பேர். கெடு முடிய இன்னும் சில நாள்தான். வீடு வீடாகப் போய், "காகிதம் போடணும்னா இப்பவே கீழ போய்ப் போடு, சாட்சிக்கு நான் வரேன், கையைத் தூக்கறேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். புருஷன்கள் சிலர் கதவைச் சாத்துகிறார்கள். ஒருத்தன் நாயை அவிழ்த்துவிட்டான். உன் அறை வாசலில் கூட்டம் சேர்ந்தால் அதற்குக் காரணம் நான்தான், திட்டிக்கொள்.

ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். நேற்று சாயங்காலம் பள்ளிவாசல் கதவைக் காலால் யாரோ உதைத்தார்கள். திறந்தால் தூதா. இரண்டு கையிலும் மூடி போட்ட மண் தட்டு, ஆவி பறக்கிறது.

"எங்க வீட்டு முறை" என்றாள்.

"உங்க வீடு முறையில இல்லையேம்மா" என்றேன். மடத்தனமாகத்தான் கேட்டேன்.

"இப்ப இருக்கு. பாஸ்ஸூ பெரியப்பா வீட்டுக்கிட்டயே போய் அம்மா கத்திச் சொல்லிட்டு வந்தாங்க, எங்க அடுப்பு தனி அடுப்பு, கோர்ட்டே சொல்லிருச்சுன்னு." தட்டை என் கையில் திணித்தாள். "அப்புறம் உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாங்க. இது நன்றிக்கு இல்ல, முறைக்கு. நன்றி சொல்ற அளவுக்கு இன்னும் கோவம் ஆறலையாம்."

உட்கார்ந்து மூடியைத் திறந்தேன். கோதுமை ரவைக் கஸ்கஸ். மேலே டர்னிப்பும் ஒரு முட்டையும். தூதா போகவில்லை, எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"உப்பு சரியா இருக்கான்னு கேட்டுட்டு வரச் சொன்னாங்க."

ஒரு வாய் வைத்தேன். உப்புக் கரித்தது. "சரியா இருக்கும்மா" என்றேன்.

அவள் என்னை உற்றுப் பார்த்தாள்.

"சத்தியமா?"

இல்லை, உப்பு அதிகம்தான் என்று ஒப்புக்கொண்டேன், விதாத். பிறகு தட்டைத் துடைத்துச் சாப்பிட்டேன்.

உன் அண்ணன்,
ஜெலூல்